கைக்கு முன்னால் வாய்: நம் ஊர்ப் பக்கத்துத் தாளப் பயிற்சியின் கதை



உங்களில் பலருடைய பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் டிரம்ஸ் படிக்கிறார்கள் என்று எழுதுகிறீர்கள். மகிழ்ச்சி. கூடவே ஒரு குறையும் வருகிறது. "மாசக்கணக்கா ஒரு ரப்பர் பலகையில ஒரே அடியை அடிக்கச் சொல்றாங்க சார். பாட்டு எப்ப வாசிப்பான்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அந்த ஒரே அடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி மன்னார்குடிக்குப் பக்கத்திலேயே நடந்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேல்நாட்டுக் கதை. டிரம்ஸ் பிள்ளைகள் முதலில் கற்கும் அடிப்படை அடிகளுக்கு ரூடிமென்ட் என்று பெயர். இவை பட்டாளத்தில் பிறந்தவை. படை நடக்க, நிற்க, திரும்ப எல்லாவற்றுக்கும் ஒரு முரசு அடி உண்டு. 1933இல் அமெரிக்காவின் சிகாகோவில் முரசுக் கலைஞர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றியமையாதவை என்று 13 அடிகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு இன்னும் 13 சேர்த்து, 26 என்று பட்டியல் போட்டார்கள். 1984இல் அந்தப் பட்டியல் 40 ஆனது. 1935இல் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் என்பவர் 'ஸ்டிக் கன்ட்ரோல்' என்று ஒரு பயிற்சி நூல் எழுதினார். வலது கை, இடது கை என்பதையே மாற்றி மாற்றி அடுக்கிய பக்கங்கள். இன்றும் உலகம் முழுக்க டிரம்ஸ் ஆசிரியர்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

அந்த 26இல் ஒன்றின் பெயர் பாரடிடில். வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. எட்டு அடி, அவ்வளவுதான். 'பா-ர-டி-டில்' என்ற பெயருக்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. அடியின் ஓசையே பெயர். வாயால் சொன்னால் கைக்கு நினைவு வரும் என்பதற்காக வைத்த சொல் அது. இதைப் படித்தவுடன் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று தோன்ற வேண்டும். இது நம்முடைய சொற்கட்டு அல்லவா?

இனி நம் பக்கம் வருவோம். தவில் வாசிப்பவரைச் சற்று உற்றுப் பாருங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார். இடது கையில் பூவரசங் கழி. ஒரு கை விரலாலும் மணிக்கட்டாலும் பேசுகிறது, மறு கை குச்சியால் பேசுகிறது. இரண்டுக்கும் அசைவு வேறு, எடை வேறு, தோலின் இறுக்கம் வேறு. வலந்தலையில் அடுக்கடுக்காகச் சொற்கள் ஓடும்போது இடது கைக் கழி தன் கணக்கைத் தவறவிடக் கூடாது. டிரம்ஸ் ஆசிரியர்கள் இன்று கோஆர்டினேஷன் என்று தனிப் பாடமாக நடத்துவது இதைத்தான்.

இந்தக் கைகள் எப்படி உருவாயின? முதல் பாடம் 'தத்தித்தொம்நம்'. அதை முதலில் வாயால் சொல்ல வேண்டும். பிறகு கட்டையில் தட்ட வேண்டும். பிறகுதான் தோல். ஒரே சொல்லை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மூன்று வேகத்தில் வாசிக்க வேண்டும். அடுத்து தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. விடியலுக்கு முன் எழுந்து மணிக்கணக்காக இதைச் செய்வதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் சாதகம். டிரம்ஸ்காரர்கள் குரூவ் என்று சொல்கிறார்களே, பாட்டைத் தாங்கிக்கொண்டு சீராக ஓடும் நடை, அதற்கு நம்மிடம் சர்வலகு என்று பெயர் உண்டு. ரூடிமென்டுக்குச் சொற்கட்டு, குரூவுக்குச் சர்வலகு. பெயர்தான் வேறு, வேலை ஒன்று.

இந்த வாய்ப்பாடத்தையே ஒரு மேடைக் கலையாக ஆக்கியவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மன்னார்குடி கொன்னக்கோல் பக்கிரியா பிள்ளை. தவில் வழியில் வந்தவர். கருவி எதுவும் இல்லாமல், சொற்கட்டை வாயால் சொல்லியே கச்சேரியில் மற்ற தாள வாத்தியங்களுக்குச் சமமாக உட்கார்ந்தவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரியை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று மேடை நிறைந்திருக்கும். 1934இல் மறைந்த நாயனா பிள்ளை லயத்தில் சிங்கம். அந்த மேடையில் கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியா பிள்ளை, தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர். ஒருவர் வாயில் சொல், மற்றவர் கையில் சொல்.

நீடாமங்கலத்தாரைப் பற்றி (1894-1949) ஒரு புத்தகமே எழுதலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்துக்கு வாசித்தவர். அவருடைய சீடர் நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை. அந்த ராகவப் பிள்ளையிடம் கற்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறுவன் கடல் கடந்து வந்தான். அவன்தான் பின்னாளில் தவில் உலகம் தலைவணங்கிய யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933-1975). ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வித்தை போன வழி இது. நீடாமங்கலம், நாச்சியார்கோவில், யாழ்ப்பாணம்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நம் பெரிய மேளத்தில் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருக்கத் தனியாக ஒரு தாளக்காரர் உண்டு. அவர் பிசகாமல் போட்டுக்கொண்டிருப்பதால்தான் தவில்காரர் கணக்கில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்த் திரும்ப முடிகிறது. மேல்நாட்டிலும் முன்பு பெரிய முரசுக்கு ஒருவர், சிறிய முரசுக்கு ஒருவர் என்றுதான் இருந்தார்கள். 1909இல் லுட்விக் கம்பெனி காலால் மிதிக்கும் பெடலைக் கொண்டுவந்த பிறகு ஒரே ஆள் இரண்டையும் அடிப்பது எளிதானது. பிறகு இடது காலுக்கும் ஒரு ஜால்ரா வந்தது. அதாவது தாளக்காரரின் வேலையையும் ஒரே ஆளின் காலிலேயே கட்டிவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு நான்கு கைகால்களும் ஒன்றோடொன்று சண்டை போடுவது அதனால்தான். அவன் தனியாகவே ஒரு மேளக் குழுவாக உட்கார்ந்திருக்கிறான். நாளாகத்தான் செய்யும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

நல்ல தவில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "பிறவி வித்தை", "ரத்தத்துல இருக்கு", "கைராசி". புகழ்ச்சியாகத்தான் சொல்கிறோம். ஆனால் இந்தப் புகழ்ச்சி இரண்டு தவறுகளைச் செய்தது. ஒன்று, அந்தக் கையின் பின்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பை மறைத்துவிட்டது. வரம் என்று ஆகிவிட்டால் கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம் அல்லவா! கோயிலிலும் கல்யாணத்திலும் மங்களத்துக்கு அவர்கள் வேண்டும். சரிசமமாக உட்கார வைக்க மட்டும் மனம் வரவில்லை. ராஜரத்தினம் பிள்ளை சட்டை போட்டுக்கொண்டு மேடையில் அமர்ந்து வாசிப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. கர்நாடக இசையின் உயர்ந்த விருதாகச் சொல்லப்படும் சங்கீத கலாநிதி ஒரு தவில் கலைஞருக்கு முதன்முதலில் கிடைத்தது 2009இல்தான். வலையப்பட்டி சுப்பிரமணியம் அவர்களுக்கு. அதற்குள் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்து 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாவது தவறு, ரத்தத்தில் இருக்கிறது என்றால் மற்றவர் வீட்டுப் பிள்ளைக்கு வராது என்று ஆகிவிடும். கதவு மூடிவிடும். பெரும்பாலும் ஒரு சில குடும்பங்களுக்குள்ளேயே பாடம் நின்றது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளோ, அப்பா பட்டதைப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். போனதில் தவறு என்ன இருக்கிறது? ஆனால் அவர்களோடு சேர்ந்து எத்தனை சாதகப் பாடங்கள் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிகாகோவில் 26 என்று எழுதி வைத்தார்கள். நம்முடையது பெரும்பாலும் வாய்க்கும் கைக்கும் நடுவிலேயே வாழ்ந்தது. வாய் ஓய்ந்தால் பாடமும் ஓய்ந்தது.

ஆறுதல் இல்லாமல் இல்லை. திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் திருவாரூர் உள்ளிட்ட மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் தவில் ஒரு பாடம். எந்த வீட்டுப் பிள்ளையும் சேரலாம். கொன்னக்கோலோ இன்று நம் கச்சேரி மேடைகளில் அபூர்வம். ஆனால் வெளிநாட்டில் மாணவர் கூட்டம் உண்டு. கிட்டார் மேதை ஜான் மெக்லாலின் நம் கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷோடு சேர்ந்து 2007இல் கொன்னக்கோலைக் கற்றுத்தரும் ஒரு படமே வெளியிட்டார். ஸ்டீவ் ஸ்மித் போன்ற பெரிய அமெரிக்க டிரம்ஸ் கலைஞர்கள் தகதகிட சொல்லிப் பழகுகிறார்கள். மன்னார்குடிக்காரர் வாயால் சொன்ன வித்தை, பாரடிடிலைப் பட்டியல் போட்ட நாட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் தெருவில்தான் அதைக் கேட்க ஆள் குறைவு.

ஆகவே பெற்றோர்களுக்கு வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் இரண்டு.

ஒன்று. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கையால் எட்டு எட்டாகத் தாளம் போடச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்தாக, வாயால் த-க-த-கி-ட என்று இடைவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். எட்டும் ஐந்தும் உடனே சேராது. 40 தட்டு ஆன பிறகுதான், எட்டு தகதகிட முடிந்து, வாயும் கையும் ஒன்றாக முதல் தட்டில் வந்து நிற்கும். நீங்களும் செய்து பாருங்கள். முதல் நாள் யாருக்கும் வராது. பத்தாவது நாள் வந்துவிடும். வந்தபின் பிள்ளையிடம் "உனக்குக் கைராசி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நல்லாப் பழகியிருக்கே" என்று சொல்லுங்கள்.

இரண்டு. பங்குனியில் ராஜகோபாலசாமி கோயில் திருவிழா 18 நாள் நடக்கும். ஊருக்கு வருபவர்கள் பெருமாளைச் சேவித்தவுடன் வெண்ணெய்த்தாழிக் கூட்டத்தில் கலைந்து போய்விடாமல், மேளத்துக்குப் பக்கத்தில் பிள்ளையோடு ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள். இடது கைக் கழியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாளக்காரரின் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்தவரிடம் போய், "எத்தனை வருஷம் சாதகம் பண்ணினீங்க ஐயா?" என்று பிள்ளையே கேட்கட்டும்.

அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்