சொல்லாட்டமும் கணக்கின் நேர்மையும்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த பிரதேசம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதப்பட்டால் அதன் வலி எத்தகையது என்பதை அங்குள்ளோருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எழுத்துக்களை அடுக்கி ஆடும் ஸ்கிரபிள் போட்டிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அமெரிக்கரான அல்பிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கிய இவ்வாட்டம், 1948 இல் ஸ்கிரபிள் எனப் பெயர் பெற்றது. இதில் 225 கட்டங்களும் 100 காய்களும் உள்ளன. ஏழு காய்களையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் மேலதிகமாகக் கிடைக்கும். அதனைச் சேர்க்க மறப்பதும், முன்னரே பயன்பட்ட இரட்டிப்புக் கட்டத்தை மீண்டும் கணக்கிடுவதும் எளிதில் நேரும் தவறுகளாகும். வெற்றிகள் சமமாகும்போது மொத்தப் புள்ளி வித்தியாசமே நிலையைத் தீர்மானிப்பதால், சிறு பிழையும் ஒருவரது பரிசைப் பறித்துவிடலாம். அதனாலேயே இருவரும் தனித்தனியே கணக்கெழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, இறுதியில் கையொப்பமிடும் வழக்கம் ஏற்பட்டது.

பிழை வேறு, மோசடி வேறு. 2012 இல் ஒர்லாண்டோவில் நடைபெற்ற அமெரிக்க தேசியப் போட்டியில் வெற்றுக் காய்களை மறைத்து வைத்த இளம் போட்டியாளர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். அத்தகைய மோசடியை நடுவர்கள் பிடித்துவிடலாம். ஆனால் தமக்குச் சாதகமாக நேர்ந்த கணக்குப் பிழையைத் தாமே எடுத்துக்கூறும் நேர்மையை எந்த விதியாலும் புகட்ட முடியாது. ஆட்டத்தைக் கற்பிக்கும் பாடசாலைகள் அதனையும் சேர்த்தே பழக்குதல் வேண்டும் என்பது நமது கருத்தாகும்.