விலையிலிருந்து வங்கிக் கணக்குக்கு: எரிவாயு மானியம் இடம் மாறிய கதை

'மானியம்' என்னும் சொல் ஒரு காலத்தில் வரி நீக்கி வழங்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. அந்த நிலம் ஊரார் கண்முன் கிடந்தது. அதைப் பறிப்பதென்றால் ஊரறியத்தான் பறிக்க வேண்டும். இன்று அச்சொல், சந்தை விலைக்கும் குடும்பம் செலுத்தும் விலைக்கும் இடையிலான தொகையைக் குறிக்கிறது. அத்தொகை எங்கே வைக்கப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அதன் ஆயுளும் அமையும் என்பதற்குச் சமையல் எரிவாயு மானியத்தின் அண்மை வரலாறு சான்று.

நெடுங்காலம் அம்மானியம் சிலிண்டரின் விலைக்குள்ளேயே இருந்தது. அதில் கைவைத்தபோதெல்லாம் அரசியல் அதிர்ந்தது. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர்கள் ஆண்டுக்கு 6 என வரம்பிடப்பட்டன. அதையும் ஒரு காரணமாகக் கூறித் திரிணாமுல் காங்கிரஸ் மத்தியக் கூட்டணியை விட்டு விலகியது. 2013 ஜனவரியில் வரம்பு 9 ஆனது. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் 12 ஆனது.

2015 ஜனவரி 1 முதல் 'பஹல்' திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. குடும்பங்கள் முழு விலையைச் செலுத்தின. மானியம் பின்னர் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. போலி இணைப்புகளையும், வீட்டு எரிவாயு வணிகப் பயன்பாட்டுக்குத் திருப்பப்படுவதையும் தடுப்பதே நோக்கம். அந்த நோக்கம் நியாயமானது. ஆனால் உதவி, விலையை விட்டு வெளியேறிவிட்டது.

அதன் விளைவு 2020-இல் புலப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகச் சந்தை சரிந்து, அந்த ஆண்டு மே மாதம் டெல்லியில் சிலிண்டர் விலை 581.50 ரூபாயாக இறங்கியது. மானியம் கணக்களவில் சுழியமானது. பின்னர் விலை ஏறியது. 2023 மார்ச்சில் 1,103 ரூபாயைத் தொட்டது. பெரும்பாலான குடும்பங்களுக்கு மானியம் மட்டும் திரும்பவில்லை. 6 சிலிண்டர் வரம்புக்கு எழுந்த எதிர்ப்பு இதற்கு எழவில்லை. விலை உயர்வைச் செய்தித்தாள் சொல்லும். கணக்கில் வராத தொகையை யாரும் அறிவிப்பதில்லை.

உதவி திரும்பியபோதும் அதன் வடிவம் கவனத்துக்குரியது. 2022 மே மாதம் உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் கணக்கில் செலுத்த முடிவானது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயானது. எல்லாக் குடும்பங்களுக்குமான உதவியோ 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் விலைக்குறைப்பாக வந்தது; 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன், மேலும் 100 ரூபாய் குறைந்தது. எல்லோருக்கும் தெரிய வேண்டிய உதவி மீண்டும் விலைக்குள்ளேயே புகுந்தது.

இதனால் நேரடிப் பணப்பரிமாற்றமே தவறு என்றாகாது. சந்தை விலை எந்த அளவைத் தாண்டினால் மானியம் உயிர்பெறும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் விதி அதற்குத் தேவை. அவ்விதி இல்லாத இடத்தில், மானியம் நின்றுபோனதை அடுத்த சிலிண்டருக்கு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்கும் குடும்பமே தன் கணக்கைப் பார்த்து அறிய வேண்டியிருக்கிறது.