கைமாறிய பிரதிகளும் காக்கப்பட்ட இரகசியமும்

தமிழ் நாவலின் வரலாறு பெரும்பாலும் நாவலாசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தொடங்கி மணிக்கொடிக் காலம்வரை வரும் நம் இலக்கிய வரலாறுகள், இடையில் குவிந்து கிடக்கும் மர்ம நாவல்களை ஒரே பத்தியில் கடந்துவிடுகின்றன. தழுவல், மலிவு, பொழுதுபோக்கு என்ற மூன்று சொற்களுக்குள் அந்தப் பத்தி முடிந்துவிடும். அந்நாவல்களைப் படித்தவர்கள் யார், படித்தபின் என்ன எண்ணினார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பிரதியை அடுத்தடுத்துப் படித்த அந்த வாசகர்களைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

மர்ம நாவலுக்கு முன்பே குற்றக்கதைகளில் தமிழர்க்கு ருசி உண்டு. குஜிலிப் பதிப்புகளாக வந்த கொலைச் சிந்துகள் சந்தையிலும் திருவிழாவிலும் பாடிப் பாடியே விற்கப்பட்டன. முன்பின் அறியாதவர்கள் கூடிநின்று கேட்டனர், சேர்ந்தே பரிதவித்தனர். ஆனால் சிந்தில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கொன்றவன் யார், கொல்லப்பட்டவர் யார் என்பது கேட்போர்க்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மர்ம நாவல் இந்த முறையைத் தலைகீழாக்கியது. கொலைகாரனின் பெயரைக் கடைசி அத்தியாயம்வரை ஒளித்துவைத்தது. கூடிக் கேட்பதற்குரிய கதை, தனித்திருந்து ஊகிப்பதற்குரிய கதையாயிற்று. வாய்விட்டுப் படிக்கக் கூடிக் கேட்பது என்ற நிலையிலிருந்து தனித்த மௌன வாசிப்புக்கு நாவல் வழியாகத் தமிழர் நகர்ந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த நகர்வில் மர்ம நாவலுக்குத் தனிப்பங்கு உண்டு என்பது நம் கருத்து.

ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. அவர் படைத்த துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலான ஆங்கில ஆசிரியர்களின் கதைகளைத் தமிழ்ப் பெயர்களும் தமிழ் ஊர்களும் சூட்டித் தந்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் மாறுவேடத்தால் மனங்கவர்ந்தார். 'ராஜாம்பாள்', 'மேனகா' இரண்டுமே 1935இல் திரைப்படங்களாயின. முறையான பள்ளிப் படிப்பில்லாத வை. மு. கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

புலவர் உலகம் இதை விரும்பவில்லை. நாவல் படித்தால் பெண்டிரும் இளைஞரும் கெடுவர் என்ற கண்டனம் ஓயாது எழுந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தனித்தமிழ் இயக்கத்தின் தலைமகனான மறைமலையடிகளே 1911இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்று ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவி எழுதினார். ஒரு கதையைப் புலவர் தழுவினால் இலக்கியம், முதலியார் தழுவினால் மலிவு என்ற பாகுபாடு வாசகருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இருவரையும் படித்தார்கள்.

நூலை விலைக்கு வாங்கியவர்களைவிட இரவல் வாங்கியவர்களே மிகுதி. வார இதழ்த் தொடர்களைக் கத்தரித்துத் தைத்துக் கட்டிய பைண்டுகள் தெருவெல்லாம் சுற்றின. வாடகை நூலகங்கள் அட்டை போட்டு, முத்திரை குத்தி, நாள் கணக்கில் காசு வாங்கின. பின்னர் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் காலத்தில் பாக்கெட் நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தோரணமாகத் தொங்கின. ஒருவர் வாங்கிய நாவல் பயணம் முடிவதற்குள் எதிர் இருக்கைக்காரரின் கைக்குப் போய்விடும். பெயர் கேட்கும் வழக்கமில்லை, 'முடிச்சுட்டீங்களா?' என்ற ஒரு கேள்வி போதும்.

அத்தகைய பிரதிகளைப் பழைய புத்தகக் கடைகளில் புரட்டும்போது வாசகரின் குரல் நமக்குக் கேட்கிறது. அது மூன்று விதமாக ஒலிக்கிறது. முதலாவது, தீர்ப்பு: கடைசிப் பக்கத்தின் கீழே 'நன்று', 'சுமார்', 'படிக்க வேண்டாம்' என்று ஓரிரு சொற்கள். அவற்றுக்குக் கீழே வேறொரு மையில் மறுப்பும் இருக்கும். இரண்டாவது, ஊகம்: நடுப்பக்கம் ஒன்றில் ஒரு பாத்திரத்தின் பெயருக்கு அடிக்கோடு, அருகே ஒரு கேள்விக்குறி. மூன்றாவது, துரோகம்: முதல் அத்தியாயத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் கொலைகாரனின் பெயரை எழுதிவைத்திருப்பார்.

இந்த மூன்றாவதுதான் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கிறது. துரோகக் குறிப்பு எழுதப்பட்ட பிரதிகளைவிட எழுதப்படாத பிரதிகளே பன்மடங்கு அதிகம். முடிவை அறிந்த ஒவ்வொருவரும், தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவரின் பொருட்டு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். எழுத யாரும் தடுக்கவில்லை, எழுதினால் தண்டிப்பாரும் இல்லை. ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று பழிக்கப்பட்ட நூல்கள், அறியாதவர் மீதான இந்தச் சிறிய அறத்தைப் பழக்கியிருக்கின்றன. பண்டிதர் கண்டனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி வேறு உண்டா?

ஆனால் இச்சான்றுகள் வேகமாக அழிகின்றன. 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய நூல்கள் ஏராளமாகச் சாம்பலாயின. பாக்கெட் நாவல்களோ எடைக்குப் போய்க் கடலை மடிக்கப் பயன்பட்டன. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற ஒருவர், பிறர் குப்பை எனத் தள்ளிய அச்சுத் தாள்களையும் சேர்த்து வைத்ததால் ஓரளவு எஞ்சியது. அவர் சேகரிப்பைக் கொண்டே 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. எனினும் ஆய்வாளரும் சேகரிப்போரும் பொதுவாகத் தேடுவது கறைபடாத பிரதியை. மின்வருடலின்போது ஓரக் குறிப்புகள் அழுக்காகக் கருதப்பட்டுத் துடைக்கப்படவும் கூடும்.

நூலின் பாடம் எந்தப் பிரதியிலும் ஒன்றே. அதை மறுபதிப்பில் மீட்டுக்கொள்ளலாம். அடிக்கோடும் கேள்விக்குறியும் கடைசிப் பக்கத்து 'சுமா'ரும் அந்த ஒரு பிரதியோடு போய்விடும். வீட்டுப் பரணில் கட்டப்பட்ட மர்ம நாவல்கள் கிடந்தால், எடைக்குப் போடுமுன் நண்பர்கள் ஒருமுறை ஓரங்களைப் பார்க்க வேண்டும். தமிழ் வாசகன் தன் கைப்பட எழுதிய விமரிசனம் அங்கேதான் இருக்கிறது.