ஆடியில் நடந்ததற்கு ஐப்பசியில் பழி

சித்தியின் முதல் குழந்தை 1996 மாசியில் பிறந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. ஏழாம் மாத ஸ்கேனிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்: பனிக்குடத்தில் தண்ணியே இல்லை, குழந்தைக்கு ரெண்டு கிட்னியும் இல்லை. வீட்டில் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார்கள். 1995 அக்டோபர் 24, தீபாவளியை ஒட்டி வந்த சூரிய கிரகணம். அன்று காலை சித்தி வாசலில் நின்றாராம், காய் நறுக்கினாராம். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

கருவியல் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு இதுதான் மனசில் ஓடியது.

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அறிஞர்கள் பலர், உயிர் முழு உருவத்தோடு மிகச் சின்னதாக முன்பே இருக்கிறது, கருப்பையில் வளர்வது மட்டும்தான் நடக்கிறது என்று நம்பினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் காஸ்பர் ஃபிரீட்ரிக் வோல்ஃப் 1759-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் இதை மறுத்தார். கோழிக்கருவைப் பார்த்து, உறுப்புகள் படிப்படியாகத்தான் உருவாகின்றன என்றார். கருவில் தோன்றி மறையும் ஒரு சிறுநீரகத்தின் குழாயை இன்றும் வோல்ஃப் நாளம் என்கிறோம்.

ஆமாம், தோன்றி மறையும் சிறுநீரகம். நாம் எல்லோரும் மூன்று ஜோடி செய்கிறோம். முதலாவது வேலையே செய்யாமல் அழிகிறது. இரண்டாவது கொஞ்ச காலம் இருந்து மறைகிறது; மீனுக்கும் தவளைக்கும் அந்த வகைதான் ஆயுசு முழுக்க. மூன்றாவதுதான் நம்முடையது. கருவின் ஐந்தாவது வாரத்தில் வோல்ஃப் நாளத்திலிருந்து ஒரு மொட்டு முளைத்து, பக்கத்தில் உள்ள திசுவுக்குள் நுழைகிறது. மொட்டு கிளைவிடத் திசு வேண்டும். திசு சிறுநீரகமாக மொட்டு வேண்டும். 1950-களில் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டீன் எலிக்கருவில் இரண்டையும் பிரித்து வளர்த்துப் பார்த்து இதைக் காட்டினார். மொட்டு முளைக்கவில்லையா, அந்தப் பக்கம் கிட்னி இல்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் பலர் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் என்றால்?

அதற்குப் பதில் சிகாகோவிலிருந்து வந்தது. அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நோயியல் மருத்துவராக இருந்த எடித் பாட்டர், இறந்த சிசுக்களைப் பரிசோதித்து வந்தார். சுமார் 5000 பரிசோதனைகளில் 20 குழந்தைகளுக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை. அந்த இருபது முகமும் ஒரே சாயல்: சப்பை மூக்கு, உள்வாங்கிய தாடை, கீழிறங்கிய காது, கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு. 1946-இல் அதை எழுதினார். நுரையீரலும் சிறுத்திருந்தது.

கிட்னி இல்லாததற்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்? தண்ணிதான். கர்ப்பத்தின் பாதிக்கு மேல் பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். அது இல்லாவிட்டால் கருப்பை குழந்தையை நெருக்குகிறது, முகம் அமுங்குகிறது, நுரையீரல் விரிய வழியில்லை. 1974-இல் தாமஸ், ஸ்மித் இருவரும் இதைத் தெளிவாக எழுதினார்கள். வயிற்றுக்குள் இருக்கும்வரை கழிவை நச்சுக்கொடி வழியாக அம்மாவின் உடம்பே பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தக் குழந்தைகளால் பிறக்கும்வரை உயிரோடு இருக்க முடிகிறது. பிறந்ததும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிட்னி இல்லாதது அல்ல, மூச்சு.

இப்போது கணக்குப் போட்டேன். கிரகணத்தன்று சித்திக்கு ஐந்தாம் மாதம். மொட்டு முளைக்க வேண்டியது ஐந்தாம் வாரம், அதாவது ஆடி பிறந்த சமயம். சித்திக்கு நாள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். ஐப்பசியில் கிரகணம் வந்தபோது எல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

போன வாரம் போன் பண்ணிச் சொன்னேன். "அப்போ ஆடியிலயேவா?" என்று இரண்டு தரம் கேட்டார் சித்தி. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அன்னைக்கு இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லையேடா" என்றார்.