புனித கிறிஸ்டோபர் லே ஸ்டாக்ஸ் ஆலயம், இலண்டன்

புனித கிறிஸ்டோபர் லே ஸ்டாக்ஸ், இலண்டன் மாநகரின் திரெட்நீடில் தெருவில் இருந்த ஆங்கிலிக்கன் சேகர ஆலயம் ஆகும். அருகில் இருந்த ஸ்டாக்ஸ் சந்தையின் பெயரால் இவ்வாறு அழைக்கப்பட்டது.

1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் ஆலயம் எரிந்தது. எஞ்சிய சுவர்களைப் பயன்படுத்தி கிறிஸ்டோபர் ரென் இதைச் சீரமைத்தார். அவர் பொறுப்பில் கட்டப்பட்ட நகர ஆலயங்களுள் முதலில் நிறைவுற்றவற்றில் இதுவும் ஒன்று (1671).

தீயிலிருந்து மீண்ட ஆலயத்திற்கு முடிவு, பக்கத்து வீட்டுக்காரரால் வந்தது. 1734இல் இங்கிலாந்து வங்கி இதே தெருவில் குடியேறி, சுற்றியிருந்த மனைகளை வாங்கி விரிவடைந்தது. 1780 ஜூனில் கத்தோலிக்கருக்கு அளிக்கப்பட்ட சட்டச் சலுகைகளை எதிர்த்து எழுந்த கோர்டன் கலவரத்தில் கும்பல் வங்கியைத் தாக்கியது. படைவீரர்கள் அதை விரட்டினர். அடுத்த கலவரத்தில் ஆலயக் கோபுரத்தைக் கைப்பற்றுவோர் அங்கிருந்து வங்கியை நோக்கிச் சுடலாம் என்று வங்கியின் இயக்குநர்கள் அஞ்சினர். 1781இல் நாடாளுமன்றச் சட்டம் இயற்றப்பட்டு, ஆலயம் இடிக்கப்பட்டது.

கல்லறைத் தோட்டம் மட்டும் கட்டடம் எழுப்பப்படாமல் வங்கியின் உள்முற்றத் தோட்டமாயிற்று. அங்கு அடக்கம் செய்யப்பட்டோரின் எச்சங்கள் பின்னர் நன்ஹெட் கல்லறைக்கு மாற்றப்பட்டன. சேகரம் லோத்பரி புனித மார்கரெட் ஆலயத்துடன் இணைக்கப்பட்டது. இடிந்த ஆலயத்தின் மோசே, ஆரோன் ஓவியங்கள் இன்றும் அங்கு உள்ளன.

வழிபாட்டிடமாக இருந்தும், வங்கியின் பாதுகாப்பே பெரிதெனக் கருதப்பட்டதால் இவ்வாலயம் மறைந்தது.