சீலியாக் நோய்: ரொட்டிக்குள் ஒளிந்திருந்த காரணம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் பசைப்புரதம் உள்ளது. சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் இப்புரதத்தைப் பகையாகக் கொண்டு செயல்படும்போது, அவர்களின் சிறுகுடலில் நாட்பட்ட அழற்சி உண்டாகிறது. இதுவே சீலியாக் நோய். வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், எடை குறைதல், இரத்தசோகை, குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வயிற்றுத் தொல்லையே இல்லாமல் சோர்வும் இரத்தசோகையும் மட்டும் காணப்படுவோரும் உண்டு. எந்த வயதிலும் இந்நோய் தொடங்கலாம்.

உணவால்தான் இந்நோயைத் தணிக்க முடியும் என்பதை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தனர். ஆனால் எந்த உணவை விலக்க வேண்டும் என்பது தெளிவாக மேலும் 60 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் குழந்தைகள் பலர் உடல் மெலிந்து இறந்தனர்.

குளுட்டன் என்பது என்ன என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிசைந்த மைதா மாவு உருண்டையைத் தண்ணீரில் நெடுநேரம் கசக்கிக் கழுவினால் மாவுச்சத்து பால்போல் கரைந்து போகும். கையில் ரப்பர் போன்ற ஒரு பிசின் எஞ்சும். பரோட்டா மாவைக் கிழியாமல் வீசி விரிக்க முடிவது இதனால்தான். இத்தாலியின் பொலோனா நகர அறிஞர் பெக்காரி, இவ்வாறு பிரித்தெடுத்ததைப் பற்றி 1745இல் எழுதினார். அப்பிசின் யாருக்கேனும் தீங்கு செய்யும் என்று அன்று எவரும் நினைக்கவில்லை.

சாமுவேல் ஜீயின் உணவுப் பட்டியல்

நோய் பழமையானது. கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் வாழ்ந்த கப்படோசியா நாட்டு மருத்துவர் அரிட்டேயஸ், உண்டது செரியாமல் வெளியேறி உடல் தேயும் நிலையை விவரித்துள்ளார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'சீலியாக்' என்ற பெயர் வந்தது.

1887இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ ஆற்றிய உரை அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளிவந்தது. நோயாளி குணமடைய வழியுண்டென்றால் அது உணவின் வழியாகவே அமையும் என்றார் அவர். ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய 1 லிட்டர் அளவு டச்சுக் கடற்சிப்பிகளைக் கொடுத்தபோது அது நன்கு தேறியதையும், சிப்பிக் காலம் முடிந்ததும் நோய் திரும்பியதையும் பதிவு செய்தார். ஆனால் அவரது பட்டியலில் அரிசிக்கும் சவ்வரிசிக்கும் இடமில்லை. மெல்லியதாக வெட்டி இருபுறமும் வாட்டிய ரொட்டி அனுமதிக்கப்பட்டது! தீங்கற்றதை விலக்கி, தீங்கானதைத் தட்டில் வைத்த பட்டியல் அது.

1924இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். அம்முறையில் குழந்தைகள் தேறவே, வாழைப்பழத்திற்கே மருந்தென்ற புகழ் வந்தது. அவர் பழத்தைச் சேர்த்ததோடு ரொட்டியையும் தானியங்களையும் நிறுத்தியிருந்தார் என்பது கவனத்திற்கு வரவில்லை. தேறிய குழந்தைகள் மீண்டும் ரொட்டி உண்ணத் தொடங்கியதும் பலருக்கு நோய் திரும்பியது.

ரொட்டி தப்பித்துக்கொண்டே வந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஐரோப்பியருக்கு அது அன்றாட உணவு. நமக்குச் சோறு போல. மேலும், உண்டவுடன் நோய் வருவதில்லை. பாதிப்பு வெளிப்பட நாட்களோ வாரங்களோ ஆகும் என்பதால் ஐயம் பாலின் மீதும் கொழுப்பின் மீதுமே விழுந்தது.

டிக்கேயும் பசிக் குளிர்காலமும்

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராக 1936இல் பொறுப்பேற்ற வில்லெம் காரெல் டிக்கே, கோதுமையின் மீது ஐயம் கொண்டார். கோதுமையற்ற உணவைப் பற்றி 1941லேயே டச்சு மருத்துவ இதழில் எழுதினார்.

1944 செப்டம்பரில் டச்சு இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பதிலடியாக ஜெர்மானியப் படை மேற்குப் பகுதிக்குச் செல்லும் உணவைத் தடுத்தது. மக்கள் டூலிப் கிழங்குகளை அவித்துத் தின்றனர். 20,000 பேர் அளவில் இறந்தனர். ஊரே மெலிந்த அந்தக் குளிர்காலத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினர் என்றும், 1945 வசந்தத்தில் ரொட்டி வந்ததும் மீண்டும் நோயுற்றனர் என்றும் கூறப்படுகிறது. பஞ்சமே உண்மையைக் காட்டியது என்று பலர் இதைச் சுருக்கிவிடுகின்றனர். அது சரியன்று. ஐயம் முன்பே இருந்தது. பஞ்சம் அதை உறுதிப்படுத்தியது.

போருக்குப் பின் டிக்கே குழந்தைகளுக்குத் தானியங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தும் நிறுத்தியும் நெடுநாள் கவனித்தார். உட்ரெக்ட் நகரில் வான் டி கேமர் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளக்கும் முறையைக் கண்டார். அதனால் கண்ணால் கண்டதை எண்களாலும் காட்ட முடிந்தது. 1950இல் டிக்கேயின் முனைவர் பட்ட ஆய்வேடு வெளிவந்தது. 1952இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள், தீங்கு செய்வது கோதுமையின் மாவுச்சத்து அன்று, குளுட்டனே என்று காட்டினர். 1950களின் நடுவில், குடலுறிஞ்சிகள் தட்டையாகிப் போவதும் திசு ஆய்வில் தெரிந்தது.

இந்தியாவில்

உலக மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, வடக்கில் கோதுமை உண்ணும் அளவு நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் என்றும், தெற்கில் 25 கிராம் என்றும் கண்டது. நோய்க்குரிய மரபணு வகைகள் இரு பகுதிகளிலும் ஒத்த அளவில் இருந்தும், தெற்கில் நோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. தென்னிந்தியத் தட்டுகளில் கோதுமை கூடிவரும் இக்காலத்தில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

கோதுமை ஒவ்வாமையும், சீலியாக் அல்லாத குளுட்டன் தாங்காமையும் வேறு நிலைகள். எனவே ஐயமுள்ளோர் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் செல்லக்கூடாது. நிறுத்திய பின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். நோய் உறுதியானால் விலக்கு வாழ்நாள் முழுவதும் தேவை. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சோளம் ஆகியவை ஏற்றவை. இவற்றை அரைக்கும் இயந்திரத்தில் கோதுமை அரைத்திருக்கக் கூடாது. ரவை, மைதா, பெரும்பாலான சேமியா ஆகியவை கோதுமையே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால், சாம்பாருக்கும் உறைமீதுள்ள சேர்பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.