ரிட்டயர்மென்ட் ஆட்டத்துக்குத்தான்... உடம்புக்கு இல்லை!
ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், 2016-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 31தான். ஒலிம்பிக் முடிந்த பிறகு மனச்சோர்வில் தவித்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் களத்திலிருந்து விடைபெற்றவரா? பயிற்சியைத் திடீர்னு நிறுத்தாதீங்க, படிப்படியா குறைங்க. பசி பழைய மாதிரியே இருக்கும். ஆனா, செலவாகும் கலோரி குறைஞ்சிடும். சாப்பாட்டு அளவையும் அதுக்கேத்த மாதிரி மாத்துங்க.

முழங்காலில் பழைய காயம் இருக்கா? ஓட்டத்துக்குப் பதிலா நீச்சல், சைக்கிளிங் முயற்சி பண்ணலாம். வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, 2 நாள்கள் தசைப்பயிற்சி... பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது.

`இனி நான் யார்?'ங்கிற கேள்வி தூக்கத்தைக் கெடுக்குதா? மனநல ஆலோசகரைப் பாருங்க. காயம்பட்டா பிசியோகிட்ட போறதில்லையா, அது மாதிரிதான் இதுவும்!